இரண்டு விரற்கடை ஆழம்

விழிதியூர்
9.10.2022

அன்பு சுகிர்தாவுக்கு,

அத்தை ஆசீர்வாதம். கோர்ட்டில் விவாகரத்து முடிந்துவிட்டது என்று ஹரிஹரன் அவன் அப்பாவிடம் போனில் சொன்னான். "இனிமே அந்தப் பொண்ணுகிட்ட நீ பேசுறது முறையில்ல கமலா, ரெண்டு பேருக்கும் சங்கடம்" என்று உன் மாமா சொல்லிவிட்டார். ஐந்து வருடம் மருமகளாக இருந்தவளை ஒரு காகிதம் வந்த அன்றே எப்படி விடுவது? போன் வேண்டாமென்றால் போகட்டும். இந்த ஊர்த் தபால் நிலையத்துக்கு நான்தானே போஸ்ட்மாஸ்டர்? வருகிற கடிதம் எதுவும் முதலில் என் கைக்குத்தான் வரும். எழுது.

ஏதோ பூக்கிழங்கு மூன்று வாங்கினேன் என்று போன மாதம் சொன்னாயே, நட்டுவிட்டாயா? முழங்கை ஆழம் தோண்டு. அடியில் எரு போடு. மேலாக வைத்தால் அந்த ஊர்க் குளிரில் அழுகிவிடும். அந்த வீட்டில் நீ தனியாக இருப்பதை நினைத்தால்தான் எனக்கு ஆறவில்லை. சோறு ஆக்கிச் சாப்பிடு, ரொட்டியோடு நிறுத்திக்கொள்ளாதே.

இங்கே சம்பா நடவு நடக்கிறது.

அத்தை
கமலாம்பாள்


லீல், பிரான்ஸ்
20.11.2022

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் கதவைக்கூடச் சாத்தாமல் வாசல்படியிலேயே உட்கார்ந்து படித்தேன்.

நீங்கள் சொன்னபடியே முழங்கை ஆழம் தோண்டி, அடுக்களைக்குப் பின்னால் வெயில் விழும் இடத்தில் மூன்றையும் நட்டேன். இதற்குப் பியோனி என்று பெயர். இங்கே பிவுவான் என்கிறார்கள். கிழங்கு கோணல்மாணலான மரவள்ளி மாதிரி இருக்கிறது. தலையில் சிவப்பாக முளைக்கண்கள். பூத்தால் ஒரு பூவை ஏந்த இரண்டு கையும் வேண்டுமாம். குளிர்காலம் முழுக்க மண்ணுக்குள் சில்லிட்டுக் கிடந்தால்தான் மொட்டு வரும் என்கிறார்கள். நம் ஊரில் வைக்க வழியில்லை.

அம்மா போன் செய்தால் ஒரே கேள்விதான். "நீ என்னடி பண்ணின?" எனக்கும் தெரியவில்லை அத்தை. உங்கள் மகன் என்னிடம் ஒரு நாள்கூடக் கோபப்பட்டதில்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் பேசுவது போலவே ஐந்து வருடமும் பேசினார். சமைத்தது பிடிக்கவில்லையா, என் பேச்சா, என் நிறமா என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். எனக்குத்தான் வாழத் தெரியவில்லை போலிருக்கிறது.

ஆஸ்பத்திரிச் சமையற்கட்டில் வேலை நிரந்தரமாகிவிட்டது. அது ஒன்று நல்ல செய்தி.

உங்கள்
சுகிர்தா


லீல்
12.6.2024

அன்புள்ள அத்தைக்கு,

நீங்கள் அனுப்பிய வடகம் உடையாமல் வந்து சேர்ந்தது. சமையற்கட்டில் எங்களோடு வேலை செய்யும் அகரன் பாதியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அவர் நம் காரைக்கால் பக்கம் நிரவிக்காரர். வடகத்தைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கைப் பார்த்து என்னால் மறுக்க முடியவில்லை.

பியோனி இந்த வருடமும் பூக்கவில்லை. இலை மட்டும் தளதளவென்று இடுப்புயரம் வந்து நிற்கிறது. பக்கத்துத் தோட்டங்களில் எல்லாம் பூத்து, பாரம் தாங்காமல் சாய்ந்து, உதிர்ந்தும் விட்டது. கடைக்காரரிடம் போய்க் கேட்டால், முளைக்கண்ணுக்கு மேல் இரண்டு விரற்கடை மண்தான் இருக்கலாமாம். அதற்கு மேல் ஆழமாகப் போனால் எத்தனை வருடமானாலும் இலையோடு சரி. உங்கள் மேல் தப்பில்லை அத்தை, நானும் கேட்டுவிட்டு நட்டிருக்க வேண்டும். இப்போது கிளறக் கூடாதாம். இலை வாடிய பிறகு, அக்டோபரில்தான் தோண்டி எடுக்க வேண்டும். அகரன் கடப்பாரை கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார். காற்றில் தண்டு சாயாமல் இருக்கக் கம்பியில் வளையம் கட்டித் தந்ததும் அவர்தான். தமிழில் பேசக் கிடைத்ததே என்று பேசிக்கொண்டே கட்டினார்.

மாமாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அகரன் ஒரு தைலம் சொன்னார், வாங்கி அனுப்புகிறேன்.

உங்கள்
சுகிர்தா


விழிதியூர்
7.7.2024

அன்பு சுகிர்தாவுக்கு,

நெல்லும் வாழையும் தெரிந்தவள் எல்லாம் தெரிந்தவள் போல உனக்குச் சொல்லி, இரண்டு வருடப் பூவைக் கெடுத்துவிட்டேன். மன்னித்துக்கொள்.

உன் கடிதத்தில் அகரன் என்ற பெயர் மூன்று இடத்தில் வருகிறது. எண்ணிப் பார்த்தேன். நாற்பது வருடமாக ஊர்க்காரர்களுக்குக் கடிதம் படித்துக் காட்டுகிறவள் நான். எழுதினதும் தெரியும், எழுதாததும் தெரியும்.

அதைக் கேட்பதற்கு முன்னால் நான் ஒன்று சொல்லியாக வேண்டும். சொல்லாமல் கேட்டால் அது பாவம்.

உன் கல்யாணத்துக்கு எட்டு நாள் இருக்கும்போது ஹரிஹரன் பாரிஸிலிருந்து போன் பண்ணினான். "அம்மா, எனக்கு இது வேண்டாம்மா. இங்க ஒருத்தங்களோட நாலு வருசமா பழக்கம். அப்பாகிட்ட நீதான் சொல்லணும்" என்றான். "பத்திரிகை குடுத்தாச்சுடா, விளையாடாதே" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். உன் மாமாவிடம் சொல்லவில்லை. உன் அம்மாவிடம் சொல்லவில்லை. உன் முகத்தைப் பார்த்தால் அவன் மாறிவிடுவான் என்று நினைத்தேன். அத்தனை அழகாக இருந்தாய் நீ.

உன்னிடம் ஒரு குறையும் இல்லை. "எனக்குத்தான் வாழத் தெரியவில்லை" என்று நீ எழுதிய அன்றே இதைச் சொல்லியிருக்க வேண்டும். இரண்டு வருடம் பயந்துகொண்டே இருந்தேன். சொன்னால் நீ எழுதுவதை நிறுத்திவிடுவாய் என்று.

அன்றைக்கு உன்னையும் கேட்கவில்லை, அவனையும் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். அந்தப் பிள்ளையை உனக்குப் பிடித்திருக்கிறதா?

கமலாம்பாள்


விழிதியூர்
15.12.2024

அன்பு சுகிர்தாவுக்கு,

ஐந்து மாதமாகக் கடிதம் இல்லை. நான் கேட்ட கேள்விக்குப் பதில் வேண்டாம். திட்டியாவது நாலு வரி எழுது என்று கேட்கவும் எனக்கு உரிமை இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? அதை மட்டும், யார் மூலமாகவாவது.

மழையில் தாளடி நெல் எல்லாம் மூழ்கி, இன்றுதான் தண்ணீர் வடிந்தது. தினமும் தபால் பையை இரண்டு தரம் கவிழ்த்துப் பார்க்கிறேன் என்று உன் மாமா கண்டுபிடித்துவிட்டார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மூன்று நாள் என்னோடு அவர் பேசவில்லை. நான்காம் நாள், "அந்தப் பொண்ணு எழுதிச்சா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

கமலாம்பாள்


லீல்
25.5.2025

அத்தைக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை.

உங்கள் கடிதத்தைப் படித்த அன்று அதை அடுப்பில் போடப் போனேன். போடவில்லை. ஏழு வருடமாக நான் என்னையே கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்குப் பதில் உங்கள் கையில் இருந்திருக்கிறது. கண்ணாடி முன்னால் நின்று அழுதிருக்கிறேன் அத்தை. சமையல் புத்தகம் வாங்கிப் படித்திருக்கிறேன். எனக்கு வடகம் அனுப்பியவரும் நீங்கள்தான், இதை மறைத்தவரும் நீங்கள்தான் என்றால் நான் யாரிடம் போய்க் கோபித்துக்கொள்வது? அம்மாவிடம் சொன்னால் உங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று கத்துவாள். அதனால் யாரிடமும் சொல்லவில்லை. பத்து மாதம் பேசாமல் இருந்துவிட்டேன்.

ஆனால் ஒன்று நடந்தது. குறை என் மேல் இல்லை என்று தெரிந்த பிறகு தூக்கம் வந்தது. நன்றாகத் தூங்கினேன். உங்கள் மேல் கோபத்தோடு தூங்கினேன்.

அக்டோபரில் கிழங்கைத் தோண்டினோம். அகரன் கடப்பாரை போட்டதில் ஒன்று இரண்டாகப் பிளந்துவிட்டது. பரவாயில்லை, ஒவ்வொரு துண்டிலும் நாலு கண் இருந்தால் பிழைத்துக்கொள்ளுமாம். மேலாக நட்டோம். இப்போது ஒரே ஒரு மொட்டு வந்திருக்கிறது. இடம் மாற்றிய வருடம் கிள்ளிவிட்டால் செடிக்கு நல்லது என்று சொன்னார்கள். கிள்ள மனம் வரவில்லை. மொட்டு முழுக்க எறும்பு. மருந்தடிக்கப் போனேன், தேன் குடிக்கத்தான் வருகிறது, ஒன்றும் செய்யாது, விடு என்றார்கள். விட்டுவிட்டேன்.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: பிடித்திருக்கிறது.

அவருக்கு முப்பத்தெட்டு வயது. அப்பா அம்மா இல்லை. வளர்த்த சின்னம்மாவும் கொரோனாவில் போய்விட்டார். அம்மாவிடம் போனில் லேசாகச் சொல்லிப் பார்த்தேன். "பொண்ணு கேக்க ஒரு ஆள் இல்லாத வீட்டுக்கு என்னன்னு குடுக்குறது? ஒருதரம் பட்டது போதாதா?" என்று வைத்துவிட்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அவள் சரியென்று சொல்லாமல் எனக்கும் மனம் வரவில்லை.

மாமாவின் முழங்காலுக்குத் தைலம் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

சுகிர்தா


விழிதியூர்
22.6.2025

அன்பு சுகிர்தாவுக்கு,

உன் கடிதம் கிடைத்த மறுநாளே லீவு போட்டுவிட்டுக் காரைக்காலுக்குக் கிளம்பினேன். பஸ்ஸுக்கு நின்றேன். உன் மாமா வண்டியை எடுத்துக்கொண்டு வந்து, "ஏறு, நான் கொண்டுபோய் விடுறேன். உள்ள மட்டும் என்னைக் கூப்பிடாதே" என்றார். உன் வீட்டுக்கு எதிரே டீக்கடையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

உன் அம்மா நீலாயதாட்சி கதவைத் திறந்ததும், "இன்னும் என்ன பாக்கி இருக்குன்னு வந்தீங்க?" என்று கேட்டார். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். ஹரிஹரன் போன் பண்ணினதை, நான் மறைத்ததை. சொல்லி முடிக்கும் வரை உன் அம்மா என்னை உட்காரச் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் சொல்லவில்லை. உள்ளே போய்விட்டார். அழுகைச் சத்தம் கேட்டது. நான் போகவில்லை, நின்றேன். அரைமணி நேரம் இருக்கும். முகம் கழுவிக்கொண்டு வந்து, "எம் பொண்ணைத்தான் நான் தினம் திட்டிக்கிட்டு இருந்தேன்" என்றார். இந்தக் கடிதம் உனக்குக் கிடைத்த பிறகு போன் பண்ணுவதாகச் சொல்லியிருக்கிறார். எடு. அவர் முதலில் அழுவார், நீ பொறுத்துக்கொள்.

பிறகு கேட்டார். "சரி, அதைச் சொல்லத்தான் வந்தீங்களா?"

"அதுக்கு மட்டும் இல்லீங்க. நிரவிப் பையன் அகரனுக்குப் பொண்ணு கேக்க வந்திருக்கேன்" என்றேன். "அவனுக்கு இங்க யாரும் இல்ல. அவன் பக்கத்துக்கு நான் வந்திருக்கேன். இந்தத் தரம் பையனையும் கேட்டாச்சு, பொண்ணையும் கேட்டாச்சு." அகரனை நான் எங்கே கேட்டேன்? கேட்டதாகச் சொல்லிவிட்டேன். நீ கேட்டு வைத்துக்கொள்.

உன் அம்மா எனக்குப் பின்னால் வாசலை எட்டிப் பார்த்தார். "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க ஒத்தையாவா வருவாங்க?" என்றார்.

நான் வாசலுக்கு வந்து கையைக் காட்டினேன். உன் மாமா டீயைப் பாதியில் வைத்துவிட்டு, பக்கத்துக் கடையில் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு தெருவைக் கடந்து வந்தார்.

ஆவணியில் நாள் பார்த்திருக்கிறோம். லீவுக்கு எழுதிப் போடுங்கள்.

இப்படிக்கு,
மாப்பிள்ளை வீட்டார்
கமலாம்பாள் – வைத்தியலிங்கம்