ராஜாவுக்குப் பதில் உட்கார்ந்தவன்

அடி அண்ணாமலை,
தைப் பௌர்ணமிக்கு மறுநாள்.

தம்பி புகழேந்திக்கு,

அன்புள்ள என்று எழுதக் கை வரவில்லை. நலமா என்றும் கேட்கமாட்டேன். டொராண்டோ பனியில் நீ சறுக்கி விளையாடும் போட்டோவைப் பார்த்துவிட்டேன். வாட்ஸ்அப்பில் அனுப்புவதை எல்லாம் படித்துவிட்டு வாயை மூடிக்கொள்கிறாய். அதனால்தான் பதிவுத் தபால். கிடைக்கவில்லை என்று நீ சொல்ல முடியாது.

அம்மாவுக்குச் சர்க்கரையில் பார்வை போனதிலிருந்து படுக்கைதான். ஆடி மாதம், புகழு வந்தால்தான் சாப்பிடுவேன் என்று அவள் வாயைக் கட்டிக்கொண்டு கிடந்தாள். நீ போனில் எனக்கு வழி சொன்னாய். ரெட்டைப் பிள்ளைகள்தானே, குரலும் ஒன்றுதான், நான்தான் புகழு என்று சொல்லி நீயே சோறு ஊட்டு, லீவு போட்டு வந்துவிடுகிறேன் என்றாய். நம்பி ஊட்டினேன். தை வந்துவிட்டது, நீ வரவில்லை.

செங்கம் ரோட்டுக் கபேயில் நாம் தட்டு எடுத்த காலத்தில், மாடியில் வெள்ளைக்காரர்களுக்கு ஒரு பழைய கத்திச்சண்டைப் படம் போட்டார்களே. நிஜ ராஜா மயங்கிக் கிடக்க, அவன் ஜாடையில் இருக்கும் ஒருவன் சிம்மாசனத்தில் உட்காருவான். நீ ராஜாவாம், நான் உனக்கு டூப்பாம், கபே முழுக்கச் சொல்லிச் சிரித்தாய். அந்த டூப்புக்காவது கத்தி, குதிரை, ஆசைப்பட ஓர் இளவரசி எல்லாம் இருந்தது. எனக்கு இன்சுலின் ஊசியும் மூத்திரத் துணியும். அவன் கடைசியில் தன் சொந்தப் பெயரோடு ஊர் திரும்பினான். எனக்கு அதுவும் இல்லை.

நான் நீயாகிவிட்டதால், அம்மா கணக்கில் சகாதேவன் ஓடிப்போனவன். உண்மையைச் சொன்னால் நம்புவதில்லை. சின்ன வயதில் என் பெயரைச் சொல்லி இரண்டாம் தடவை பணியாரம் வாங்கித் தின்பாயே, அதை அவள் மறக்கவில்லை. இந்த வயதிலும் ஏமாற்றுகிறாயா புகழு என்று கன்னத்தைக் கிள்ளுகிறாள். பொங்கலன்று உன்னைப் போனில் பேச வைத்தேன். பேசி முடித்ததும், சகாதேவனுக்குப் போனில் மட்டும்தான் அம்மா என்று சொல்ல வருகிறது என்றாள். உன் குரலைக் கேட்டு என்னைத் திட்டினாள். என் வீட்டுக்காரி தமிழ்ச்செல்வியைக் கூப்பிட்டு, உன் புருஷனைக் கட்டி இழுத்துவாடி என்கிறாள். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே சரிங்க அத்தை என்கிறாள்.

நேற்று கிரிவலக் கூட்டம் வாசலில் அரோகரா போட்டுக்கொண்டு போனபோது, அம்மா என்னை மலைப் பக்கம் பார்த்து உட்காரச் சொன்னாள்.

"தாய்க்குக் கடைசிப் புள்ளதான் கொள்ளி வைக்கணும். நீ வந்துட்ட, போதும். சகாதேவன் வந்தா கிட்ட சேக்காத. உசுரோட இருக்கறப்போ எட்டிப் பாக்காதவன் எனக்கு வாய்க்கரிசி போடக் கூடாது. சத்தியம் பண்ணு."

பண்ணினேன். அவள் கைமேல் கை வைத்து, என்னைக் கிட்டே சேர்க்கமாட்டேன் என்று அண்ணாமலையார் சாட்சியாகச் சொன்னேன். அதற்கப்புறம்தான் பால் குடித்தாள்.

இருக்கிற ஆத்திரத்துக்கு நீ வந்ததும் வாசலிலேயே அறைவேன். வாங்கிக்கொண்டு உள்ளே வா. நம் இரண்டு பேர் கையையும் ஒரே நேரத்தில் பிடித்துப் பார்த்தால்தான் அவள் நம்புவாள். மாசி தாண்டாது என்கிறார் டாக்டர். ராஜாவாகவே இருந்துகொள், கொள்ளியும் நீயே வை. அவள் என்னை ஒரே ஒரு தடவை சகாதேவா என்று கூப்பிட வேண்டும், அவ்வளவுதான். அண்ணாமலையார் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இங்கே உன் பெயரில் இருக்கும்,
சகாதேவன்