தனகோட்டிக்கு வந்த நடைவண்டி

மாசி 19, செவ்வாய்
மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிக்கருவி தேர்ந்து தரும் நிகழ்ச்சி, செஞ்சியில். சிறப்புப் பேச்சாளனாக நாற்பது மணித்துளி முழங்கினேன். "ஊன்றி நில்! ஊர் உன்னை வணங்கும்!" கைதட்டலே இல்லை. பாதிப் பேர் கையில் கோல் இருந்தது பிறகுதான் உறைத்தது.

இயன்முறை மருத்துவர் கலைவாணி ஒவ்வொருவருக்கும் பொருந்துவதைச் சொல்லச் சொல்ல, நான் பட்டியல் எழுதினேன். இடுப்பெலும்பு முறிந்து தேறிவரும் தனகோட்டி அம்மையாருக்கு "வாக்கர்" என்றார். தனித்தமிழ் பேசும் என் கை அந்த ஆங்கிலச் சொல்லை எழுதுமா? "நடைவண்டி" என எழுதிக் கொடையாளருக்கு விடுத்தேன்.

தனகோட்டி கேட்டது ஒன்றே: "மருமவ கைய புடிச்சிக்கினு கக்கூசுக்குப் போறது மானக்கேடா இருக்குதுண்ணா. தனியா போவணும்."

மாசி 27, புதன்
கருவிகள் வந்தன. தனகோட்டிக்கு வந்தது — மூன்று மர உருளை, சிவப்பு வண்ணம், முகப்பில் ஒரு பச்சைக்கிளி. மழலைகள் நடைபழகும் நடைவண்டி!

"இன்னாண்ணா இது? நான் இன்னும் தவழ்ந்தே முடிக்கலியே!"

மருமகள் ஜெயஸ்ரீ விடவில்லை: "அத்தே, பால் பாட்டிலும் சேத்து எழுதச் சொல்லு."

கூடமே சிரித்தது. சொற்பொருள் விளக்க வாய் திறந்தேன். "ஐயா, கொஞ்சம் சும்மா இருங்க" என்றார் கலைவாணி. முப்பது ஆண்டு மேடையில் எவரும் சொல்லாத சொல்!

தமிழா பிழைத்தது? இல்லை... நான்தான்டா. அந்தம்மா வீட்ட ஒரு தடவ போய்ப் பாத்தேனா?

மாசி 28
கொடையாளருக்கு மூன்றே சொல் எழுதினேன்: பிழை என்னுடையது, பொறுத்தருள்க.

மாசி 30, காரி (சனி)
கலைவாணியுடன் தனகோட்டி வீடு. கழிவறை வாயிலை அளந்தேன்: இரண்டு சாண், நான்கு விரல். சரியான வாக்கரே வந்திருந்தாலும் நுழைந்திராது! கலைவாணியே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"எந்தக் கை வலுவானது? இரவில் எத்தனை முறை எழுவீர்கள்?" என்று கேட்டேன்.

"இன்னாண்ணா, கேள்வியா கேக்கறீங்க! ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

நாலுகால் கோல் ஒன்று, சுவரில் பிடிகம்பி இரண்டு என முடிவாயிற்று. கோலின் உயரத்தைத் தனகோட்டியே நின்று பார்த்துச் சொன்னார்.

பங்குனி 6, வெள்ளி
கோலும் கம்பியும் வந்து மூன்று நாள். நலம் கேட்கப் போனேன். "அத்தே உள்ள இருக்குது. கூப்ட்டா கத்தும்" என்றாள் ஜெயஸ்ரீ, முறுக்கு கடித்தபடி.

மெல்ல இருமினேன்.

தாழிட்ட கழிவறைக் கதவுக்குள்ளிருந்து குரல்: "யாரு? பத்து நிமிசம் ஆவும்! போயி டீ குடிச்சிட்டு வாங்க!"

போய்க் குடித்தேன்.