பார்க்காத அரிவாள்

12.3.1986, புதன்
கொலைக் கேசில் ஜெயிலில் இருக்கும் பச்சமுத்துவின் மனைவி கிளியம்மாள் காலையிலேயே ஆபீஸுக்கு வந்துவிட்டாள். "டெல்லி கோர்ட்லயும் அப்பீல தள்ளிட்டாங்களாம் சார். ஆயுசு பூரா உள்ளதானாம்." ஆறுதல் சொல்ல வாய் வரவில்லை. எப்படி வரும்?

மூன்று வருஷம் முன்பு, அந்தக் கொலை நடந்த மறுநாள், ஸ்டேஷனில் மேசைமேல் அரிவாள் கிடந்தது. "பச்சமுத்து உங்க முன்னாடி கிணத்துலருந்து எடுத்துக் குடுத்தான்னு கைப்பத்துன மகசர். சாட்சிக் கையெழுத்துப் போடுங்க வி.ஏ.ஓ. சார்" என்றார் இன்ஸ்பெக்டர். போட்டேன். எல்லாரும் போடுவதுதானே! பச்சமுத்துவைப் பிடித்ததே அதற்கும் அடுத்த நாள். கோர்ட்டில் கூண்டிலேறி, என் கண்ணெதிரே எடுத்தான் என்றும் சொன்னேன். வேறு சாட்சியே இல்லை. அவனை உள்ளே தள்ளியது நான்தான்.

14.3
பச்சமுத்துவுக்கு வாதாடிய வக்கீல் யாரென்று விசாரித்தேன்.

17.3, திங்கள்
விழுப்புரம் போய், அந்த வக்கீல் விருத்தாசலத்திடம் எல்லாவற்றையும் கொட்டினேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

"விசாரணையில சொல்லியிருந்தீங்கன்னா அன்னிக்கே வூட்டுக்குப் போயிருப்பான். கையெழுத்துப் போட்ட தீர்ப்ப எழுதின கோர்ட்டே தொட முடியாதுங்க. எழுத்துப் பிழை இருந்தா திருத்துவாங்க, அவ்ளோதான்."

பிழையைத் திருத்துவார்களாம். பொய்யை?

கவர்னருக்குக் கருணை மனு ஒன்றுதான் பாக்கி என்றார்.

2.6, திங்கள்
கிளியம்மாள் கவர்னருக்குப் போட்ட மனு கலெக்டர், தாசில்தார் என்று இறங்கி இறங்கி என் மேசைக்கே வந்து சேர்ந்தது! கைதியின் குடும்பநிலை, நடத்தை பற்றி வி.ஏ.ஓ. அறிக்கை தர வேண்டுமாம். தலையில் அடித்துக்கொண்டு சிரித்தேன்.

என் மனைவி தையல்நாயகி சிரிக்கவில்லை. "ரெண்டு பொட்டப்புள்ளங்க, கூலிக்குப் போறாங்கன்னு எழுதிட்டு வாயப் பொத்திக்கினு இருங்க. வேல போச்சுன்னா நாம எங்க போறது?" அவள் கேட்டதிலும் தப்பில்லை.

3.6
எழுதிவிட்டேன். அரிவாள், மகசர், கூண்டில் சொன்னது – ஒன்று விடாமல். திண்டிவனம் போய் தாசில்தார் கையிலேயே கொடுத்தேன். படித்துவிட்டு, "இத யாருய்யா உன்ன கேட்டா?" என்றார்.

20.8
ஒரு தகவலும் இல்லை. கிளியம்மாள் வாரா வாரம் வந்து போகிறாள். அவளிடமும் உண்மையைச் சொல்லிவிட்டேன். மண்ணை வாரித் தூற்றுவாள் என்று பயந்தேன். "இப்பவாச்சும் எழுதுனீங்களே" என்றாள். அதுதான் தாங்க முடியவில்லை.

9.10, வியாழன்
எனக்கு ஒரு உத்தரவு. நேரில் பாராததைப் பார்த்ததாகப் பொய்ச் சாட்சி சொன்னதைத் தாமே எழுத்து மூலம் ஒப்புக்கொண்டிருப்பதால் தற்காலிகப் பணிநீக்கம்.

மத்தியானம் கிளியம்மாள் ஒரு கவரோடு வீட்டுக்கு வந்தாள். தீர்ப்பு இறுதியானது, சாட்சியத்தை மறுபடி ஆராய இடமில்லை, மனு நிராகரிக்கப்பட்டது. இரண்டையும் படித்துக் காட்டினேன்.

"நீங்க சொன்னது பொய்யின்னு கவர்மெண்டே நம்பி உங்கள வூட்டுக்கு அனுப்பிடுச்சு. அப்ப அவர மட்டும் ஏன் சார் அனுப்பல?"

அவளுக்கு வந்த காகிதத்தை மடித்து அவள் கையில் கொடுத்தேன்.