கேள்வி நேரத்தில் எழுந்து நின்றேன்

அன்புள்ள அப்பாவுக்கு,

மூட்டுவலி தேவலையா? அம்மா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாளா? நான் நன்றாக இருக்கிறேன். இந்த வாரம் கூடுதலாகவே நன்றாக இருக்கிறேன்.

கம்ப்யூட்டர் பைல்களுக்கு நகல் எடுத்து வைக்கும் பேக்கப் மென்பொருள் மாநாட்டுக்கு ஆபீஸில் என்னை அனுப்பினார்கள். மேடையில் யார் தெரியுமா? என் பழைய மேனேஜர்! தினமும் பேக்கப் எடுத்தால் போதாது, அது திரும்ப வருகிறதா என்று ஒருமுறையாவது பாருங்கள் என்று நான் தொண்டை கிழியக் கத்தியும் கேட்காமல், பைலெல்லாம் அழிந்ததும் பழியை என் தலையில் போட்டுத் துரத்தினாரே, அதே ஆள். இப்போது மென்பொருள் விற்கிறாராம். "எங்ககிட்ட ஒரு பைல்கூடப் போகாது" என்று அளந்துகொண்டிருந்தார்.

கேள்வி நேரத்தில் எழுந்தேன். "சார், இப்ப காட்டின ஸ்லைடு பைலையே அழிச்சிட்டு, பேக்கப்லேர்ந்து எடுத்துக் காட்டுங்களேன்."

அரங்கமே கைதட்டியது. வேறு வழியில்லாமல் அழித்தார். திரையில் சக்கரம் சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. பைல் வரவே இல்லை. முதல் வரிசையில் ஒருவர் சிரிக்க ஆரம்பித்தார்.

மேனேஜர் என் பின்னாலேயே வெளியே வந்து, "இன்னும் பழசை மறக்கலையாம்மா?" என்றார்.

"நானும் பேக்கப் எடுத்து வெச்சிருக்கேன் சார். என்னோடது திரும்பி வரும்."

இந்தச் சந்தோஷத்தைச் சொல்ல ஆளில்லாமல் ஹோட்டல் கண்ணாடியிடம் சொல்லிக்கொண்டேன். அம்மாவின் பழைய சால்வையை அனுப்புங்கள். துவைக்க வேண்டாம், அம்மா வாசனை போய்விடும்.

பஸ் வந்துவிட்டது. பொறுத்தார் பூமி ஆள்வார் என்பீர்கள். பூமியை அவர்களே ஆளட்டும் அப்பா. அந்த முகம் போன போக்கு எனக்குப் போதும்.

உங்கள் மகள்