ஊட்டா ஆய்த்தா?

தையல் கடையில் சற்று முன் என் ஃபோன் கேட்டது: "ஊட்டா ஆய்த்தா?" சாப்பிட்டாயா என்று கன்னடத்தில் கேட்கும் அதே கேள்விதான். "யாருடி அது, உன்மேல இவ்ளோ அக்கறை?" என்றாள் பக்கத்து மெஷின்காரி. சிரித்து மழுப்பினேன். கேட்டது நீ என்று அவளிடம் எப்படிச் சொல்வேன்?

எச்.ஐ.வி. மாத்திரை வாங்கப் போன இடத்தில்தான் நீ எனக்குக் கிடைத்தாய். பெங்களூரில் நானும் தொம்மலூர் ஏரியாதான் என்றதும் அன்றே ஒட்டிக்கொண்டாய். மாத்திரை வேளையை நினைவூட்டும் ஆப் ஒன்றை ஆலோசகர் நம் ஃபோன்களில் ஏற்றிக் கொடுத்தார். அது என்ன கேட்க வேண்டும் என்று நாமே எழுதிவைக்கலாம். ஒருத்தி மாத்திரை போட்டுவிட்டு அழுத்தினால் மற்றவள் ஃபோனில் பச்சை டிக் விழும்.

"மாத்திரைன்னு கேட்டா ஊரே திரும்பிப் பாக்கும். ஊட்டா ஆய்த்தான்னு கேக்கட்டும்டி. பெங்களூர்ல அத யாரு காதுல வாங்குறா?" என்றாய். அழுத்தும் பட்டனுக்கு 'ஆய்த்து', அதாவது ஆச்சு, என்று பெயரும் வைத்தாய். உன் மூளையை நினைத்து எனக்கு அவ்வளவு பெருமை.

பிறகு ஆனேக்கல்லில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கே குடிபோனாய். ஒரே அறை, உன் நோய் தெரியாத அண்ணியின் கண் எப்போதும் உன் பையின்மேல். இதையெல்லாம் நீ என்னிடம் சொல்லவே இல்லை. பச்சை டிக் மட்டும் தவறாமல் வந்துகொண்டிருந்தது. நீ நன்றாக இருக்கிறாய் என்றே நம்பினேன்.

ஆஸ்பத்திரியில் எலும்பும் தோலுமாகக் கிடந்த உன்னைப் பார்த்ததும் எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது.

"மாத்திரை போடாமயே எதுக்குடி அழுத்துன?"

"அண்ணி பக்கத்துலயே இருப்பாங்க. டப்பாவ எங்க எடுக்கறது? இது வேற ஊட்டா ஆய்த்தான்னு கேக்குது. பட்டினியா கெடந்தாலும் ஆய்த்துன்னுதானடி சொல்லுவோம். இல்லன்னு யாரு சொல்றா?"

சரியாகத்தான் சொன்னாய், பாவி. அந்த வாரமே போய்விட்டாய்.

வேறு வாசகம் வைத்துக்கொள்ளச் சொன்னார் ஆலோசகர். மாட்டேன் என்றுவிட்டேன். இன்றும் அது கேட்டதும் கடையின் பின்பக்கம் போய் நின்றுகொண்டு, "இல்லடி, இன்னும் ஆகல" என்று உன்னிடம் வாய்விட்டுச் சொன்னேன். மாத்திரையை விழுங்கினேன். அதன் பிறகுதான் அழுத்தினேன்.