அப்பாவுக்குச் சுட்ட சப்பாத்தி

ஆடி 5, செவ்வாய்

காற்று. விடிந்ததிலிருந்து ஓட்டு மேல் ஆள் நடப்பது போலச் சத்தம். கொடித் துணியில் பாதி வேலிக்கு அந்தப் பக்கம். வாசல் கூட்டியது வீண்.

நேற்று பொள்ளாச்சி. நானும் தம்பி வேலுச்சாமியும் அப்பாவை டாக்டரிடம் கூட்டிப் போனோம். வலது கால் கட்டைவிரல் புண் ஆறவே இல்லை. செருப்புக் கடி என்று அவரே மஞ்சள் அரைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். சர்க்கரை வியாதியாம். தினம் ஊசி, கம்பவுண்டர் வீட்டுக்கு வந்து போடுவார். அரிசி அறவே கூடாது. சப்பாத்தி, கீரை, மோர்.

"இப்ப விரலோட நிக்குது. சோத்தை நிறுத்தலைன்னா கால் போயிரும். அப்பறம் எங்கிட்ட வந்து அழாதீங்க" என்றார் டாக்டர்.

பஸ்ஸில் கேரள எல்லையைத் தாண்டி வந்தோம். கொழிஞ்சாம்பாறையில் இறங்கியதும் அப்பா சொன்னார்: "நெல்லு வெளையற தோட்டத்தை வெச்சுக்கிட்டு வடக்கத்தியானாட்ட ரொட்டி திங்கறதா?"

யார் சுடுவது? தம்பி மனைவி ருக்மணி (இனி ரு. போதும்; அவளுக்கு நாத்தனார் நான், நங்கையா என்பாள்) கையை விரித்துவிட்டாள். "எனக்குச் சோறாக்கத்தான் தெரியுமுங்க நங்கையா." எனக்கு மட்டும் தெரியுமா? பாலக்காட்டு ஓட்டலில் எப்போதோ தின்றது. ஆனால் புருஷன் வேறொருத்தியைக் கூட்டி வந்த பின் அப்பன் வீட்டில் வந்து உட்கார்ந்தவள் 'தெரியாது' என்று சொல்ல முடியாது. சொல்லிப் பார்க்கவுமில்லை.

நாளைக்கு: ரேஷன் கோதுமை. மில். கீரை. தேய்க்க ஏதாவது கட்டை.

ஆடி 6, புதன்

எமர்ஜென்சி வந்ததில் ஒரு லாபம், ரேஷன் கடை நேரத்துக்குத் திறக்கிறது. "கோதம்பு எத்ர வேணும்? ஆர்க்கும் வேண்டா இது" என்று மலையாளிக் கடைக்காரர், யாரும் வாங்காத கோதுமையைச் சந்தோஷமாக அளந்து போட்டார். கல், வண்டு, சாக்கு நூல். புடைத்துக் கழுவி முற்றத்தில் காயப் போட்டேன். காற்று பாதியைக் கோழிகளுக்குக் கொடுத்தது.

மில்லில் எனக்கு முன்னால் யாரோ மிளகாய் அரைத்திருக்கிறார்கள். கேட்டதற்கு, "ஒண்ணும் ஆகாதுங்கக்கா, கொஞ்சம் வாசந்தான் இருக்கும்" என்றான் மில்காரப் பையன். வீட்டுக்கு வந்து மாவைத் திறந்ததும் எனக்கே தும்மல்.

பச்சைத் தண்ணீரில் பிசைந்தேன். முதலில் கூழ். மாவு போட்டேன். பிறகு கல். தம்பியின் பிராந்திக் குப்பியால் மணைக்கட்டையில் தேய்த்தேன். ஒன்றுகூட வட்டமில்லை. மேலே கருகல், உள்ளே பச்சை மாவு.

அப்பா ஒரு வாய் வைத்தார். கண்ணில் தண்ணீர். "மொளகாயைப் போட்டுக் கொல்லப் பாக்கறயா?" அடுத்ததைப் பல்லால் இழுத்துப் பார்த்தார். வரவில்லை. ஊசி போட வந்த கம்பவுண்டரிடம் தூக்கிக் காட்டினார்: "இதுல ஒரு செருப்புத் தெச்சிருந்தா எனக்குப் புண்ணே வந்திருக்காதுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பாத்திரம் கழுவும்போதுதான் சிரிப்பு நின்றது.

ஆடி 8, வெள்ளி

காலையிலேயே சண்டை.

"கல்லைக் கெடுத்துப்போட்டீங்க நங்கையா! ஒரு தோசைகூட எந்திரிக்கலை, பாருங்க!"

உண்மைதான். சப்பாத்தி போட்ட கல்லில் தோசை ஒட்டிக்கொண்டது. ரு. சுரண்டிச் சுரண்டி அழுதாள். தம்பி பட்டினியாகத் தோட்டத்துக்குப் போனான், போகும்போது என்னை ஒரு பார்வை. இனி அந்தக் கல்லை நான் தொடக் கூடாது.

தோட்டத்துச் சாளைக் குடிசையில் ஒரு பழைய தோசைக்கல் கிடந்தது. துருப் பிடித்து ஓரம் உடைந்தது. செங்கல் தூள், புளி, சாம்பல். மத்தியானம் முழுக்கத் தேய்த்தேன். விரலில் வெட்டு. உப்புப் போட்டு மாவு பிசைந்தால் எரிகிறது.

இன்றும் அப்பா பாதியில் எழுந்துவிட்டார். கீரை மட்டும் தின்றார்.

ஆடி 10, ஞாயிறு

மளிகைக்கடை ராவுத்தர் வீட்டு ஜைத்தூன் உளுந்து கொடுக்க வந்தவள் நான் மாவோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துவிட்டாள்.

"என்ன சரசக்கா, செவத்துக்குப் பூசறாப்புல பெசையறீங்க? கொதிக்கிற தண்ணி ஊத்துங்க. ஒரு கரண்டி எண்ணெய். பெசைஞ்சு ஈரத்துணி போட்டு மூடிட்டு அக்கட்டால போயிருங்க. அது பாட்டுக்குத் தூங்கட்டும்."

அப்படியே செய்தேன். மூடி வைத்துவிட்டு மாடு கட்டினேன், விறகு எடுத்து வைத்தேன். திறந்தால் வேறு மாவு. காது மடல் போல மெத்தென்று. குப்பி உருளும்போதே வித்தியாசம் தெரிந்தது. கல்லில் போட்டதும் சின்னச் சின்னக் கொப்புளம், பிறகு முழுசாக எழும்பியது! கையில் கரண்டியோடு அப்படியே நின்றேன். கூப்பிட்டுக் காட்ட வீட்டில் ஆளில்லை.

சூடாகக் கொண்டுபோய் வைத்தேன். அப்பா தொடவில்லை. பசி இல்லையாம்.

ஆடி 11, திங்கள்

இன்றும் பசி இல்லையாம். வியாதி அப்படிச் செய்யுமோ? கம்பவுண்டர் உதட்டைப் பிதுக்கினார். "பசிக்கோணுமே. இந்த வியாதிக்கு நெம்பப் பசிக்குமுங்க."

புண் பெரிதாகியிருக்கிறது. துணி மாற்றும்போது வாடை.

ஆடி 13, புதன்

பசி ஏன் இல்லை என்று தெரிந்துவிட்டது.

பருத்திக்கொட்டை எடுக்க மாட்டுக் கொட்டகைப் பக்கம் போனேன். அப்பா கயிற்றுக் கட்டிலில். மடியில் வட்டில். சோறு, கட்டித் தயிர், மாங்காய் ஊறுகாய். பக்கத்தில் சொம்போடு ரு.

என்னைப் பார்த்ததும் அவள் எழுந்தாள். அவர் எழவில்லை. நிதானமாக அடுத்த கவளத்தை உருட்டினார்.

"அப்பா, டாக்டர் என்ன சொன்னாரு?"

"அவன் சொல்லுவான். அவனுக்கென்ன, ஊட்டுக்குப் போய்ச் சோறுதான் உங்கறான்." பிறகு ரு.வைப் பார்த்து, "என்ற மருமவ இல்லீன்னா நான் பட்டினில செத்திருப்பன். பெத்தது கொல்லப் பாக்குது. வந்தது காப்பாத்துது" என்றார்.

அடுப்படியில் ரு.வைப் பிடித்துக் கேட்டேன். தலை குனிந்தே நின்றாள்.

"கல்யாணம் ஆயி வந்ததுல இருந்து மாமா எங்கூட மொகம் குடுத்துப் பேசுனதே இல்லைங்க நங்கையா. ஞாயித்துக்கெழமைதான் 'அம்மிணி'ன்னு கூப்பிட்டாரு. ஒரு வாய் சோறு போடுன்னு கேட்டாரு. நான் எப்படிங்க இல்லைங்கறது?"

கோபப்படத்தான் போனேன். வரவில்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஆடி 15, வெள்ளி

தம்பியிடம் சொன்னேன். ஏர்க் கயிறு முறுக்கிக்கொண்டே கேட்டான்.

"ஒரு வாய் சோத்துக்கு ஏக்கா ஊட்டுல சண்டை மூட்டற?"

"கால் போயிருமின்னு டாக்டரு சொன்னது உன்ற காதுல விழுகலையா?"

"வயசான மனுசன். ஆசையா கேக்கறாரு. நீ கொஞ்சம் பேசாம இருந்தீன்னா எல்லாருக்கும் நிம்மதி."

எல்லாருக்கும். சரி.

இருந்தாலும் பொழுதோடு நான்கு சப்பாத்தி சுட்டேன். மூடி வைத்தேன். காலையில் கோழிக்குப் போட்டேன்.

ஆடி 18, திங்கள்

ஆடிப் பதினெட்டு. ஒறம்பரை நிறைய, சித்தி வீட்டு ஆட்களும். புளியமரத்தில் தூரி கட்டி ஆட்டம். வீடு முழுக்கச் சோறு: புளி, தயிர், எலுமிச்சை, தேங்காய், சர்க்கரைப் பொங்கல். ஐந்தும் நானும் ரு.வும் கிளறியவை. ஐந்தையும் அப்பா தின்றார். பொங்கல் இரண்டு முறை.

நான் வட்டிலைப் பிடித்தேன். எல்லோர் முன்னாலும். அவர் பிடுங்கிக்கொண்டார்.

சித்தி என்னைத் தனியாக இழுத்துப் போனாள். "ஏஞ்சரசு, இப்படி வெடுக்கு வெடுக்குனு இருந்துதான் அங்கயும் பொழைக்க மாட்டாமப் போன. இங்கயாச்சும் பதனமா இருந்துக்க."

பாத்திரங்கள். மலை போல. எல்லாம் நானே தேய்த்தேன்.

ஆடி 20, புதன்

விரல் கறுத்துவிட்டது. அவருக்கு வலியே தெரியவில்லை, அதுதான் பயம். கம்பவுண்டர் துணியைப் பிரித்துப் பார்த்துவிட்டு மூடினார். "காரு புடிங்க. கோயமுத்தூரு."

ரு. சுவரோடு சாய்ந்து வாயைப் பொத்திக்கொண்டாள். தம்பி என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆடி 27, புதன்

வீட்டுக்கு வந்தோம். கோயமுத்தூரில் ஒன்றும் எழுதவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கினேன். கட்டைவிரலும் அடுத்த விரலும் எடுத்துவிட்டார்கள். பாதம் தப்பித்தது. அங்கிருந்த பெரிய டாக்டர் தம்பியின் தோளைப் பிடித்து உலுக்கிச் சொன்னார்: "இனி ஒரு வாய் சோறு போட்டீங்கன்னா முழங்காலுக்குக் கீழ எடுக்கணும். காலை வெட்டுனது நீங்கன்னு வெச்சுக்குங்க."

மழைத் தூறல். மாவு நமுத்துப்போயிருந்தது. சலித்து, சுட்டு, எடுத்துப் போனேன்.

"உன்ற கையால எதும் வேண்டாம். நீ கரைச்சல் குடுத்துக் குடுத்துத்தான் என்ற விரலு போச்சு."

வட்டிலோடு திரும்பி வந்தேன். அவர் ரு.வைக் கூப்பிட்டுச் சோறு கேட்டது அடுப்படி வரை கேட்டது. அவள் போகவில்லை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

ராத்திரி அவர் ஒன்றும் சாப்பிடவில்லை. ஊசி மட்டும் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றில் இருக்கக் கூடாது என்று சொல்லியனுப்பியிருக்கிறார்கள். மோர் குடிக்க வைத்தான் தம்பி.

ஆடி 28, வியாழன்

யோசனை ரு.வுடையது.

"நீங்க சுட்டுக் குடுங்க நங்கையா. நான் சுட்டேன்னு சொல்லி வெக்கறன். உங்குவாரு."

வேறு வழி தெரிந்தால் சரி சொல்லியிருக்க மாட்டேன். சுட்டேன். அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு, கையில் கொஞ்சம் மாவு பூசிக்கொண்டு போனாள்.

கதவுக்குப் பின்னால் நின்றேன். மெல்லும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அப்பா குரல்:

"அம்மிணி, இதா நீ சுட்டது? பஞ்சாட்ட இருக்குது. இன்னொண்ணு போடு."

கொண்டு போனாள். இன்னொன்று. இன்னொன்று.

"கைப்பக்குவம்ங்கறது இதுதான். அவ சுட்டது மாட்டுக்குக்கூட ஆகாது. மனசுல அன்பு இருந்தாத்தான் மாவு எளகும்."

ரு. உள்ளே வந்து காலி வட்டிலை வைத்தாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. இன்னும் கொஞ்சம் மாவு இருந்தது. பிசைந்தேன், வேண்டியதற்கும் அதிகமாகவே.

ஆவணி 2, செவ்வாய்

கால் தேறுகிறது. சதை சிவப்பாக, சுத்தமாக. கம்பவுண்டர் சிரித்த முகத்தோடு போனார். தினமும் இரண்டு வேளை சப்பாத்தி. நான் சுடுகிறேன், அவள் கொண்டுபோகிறாள், அவர் புகழ்கிறார்.

தண்ணீர்க் கிணற்றடியில் நான்கைந்து பெண்கள். ரு. நடுவில். "கொதிக்கிற தண்ணியில பெசையோணும். ஈரத்துணி போட்டு மூடிப்போடோணும்." கையை வேறு ஆட்டி ஆட்டிச் சொல்கிறாள். அவர்களில் ஜைத்தூனும். என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் கயிற்றை இழுத்தேன்.

ரு. மேல் தப்பில்லை. பொய்யைப் பாதி சொல்லி நிறுத்த முடியாது. ஆனாலும் குடம் இன்று கனத்தது.

வேறு: எருமை சினை. கடலைக்காய் பிடுங்க ஆள் சொல்ல வேண்டும். மண்ணெண்ணெய் இல்லை.

ஆவணி 5, வெள்ளி

வெயில். காற்று அடங்கிவிட்டது.

அப்பா பெயர் சொல்லிக் கூப்பிட்டார். எத்தனை நாளாயிற்று! ஓடினேன். பக்கத்தில் உட்காரச் சொன்னார். குரல் நன்றாகவே இருந்தது, நான் ஏதோ எதிர்பார்த்தேன். என்ன என்று இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது.

"நான் எத்தனை நாளைக்கு? எனக்கப்பறம் நீ இவங்களை அண்டித்தான் இருக்கோணும். நாலு வேலை தெரிஞ்சிருந்தாத்தான் வெச்சுக்குவாங்க. ருக்குமணி கிட்டச் சப்பாத்தி சுடக் கத்துக்க. இன்னிக்கே."

கட்டிலை அடுப்படி வாசலுக்கு இழுத்துப் போடச் சொன்னார். தம்பி இழுத்துப் போட்டான். அவனுக்கு எல்லாம் தெரியும். கட்டிலை வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டான்.

ரு. மாவைத் தொட்டதே இல்லை. தண்ணீர் கூடிப்போய் விரலெல்லாம் அப்பிக்கொண்டது. குப்பி உருள மாட்டேன் என்றது. நான் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தேன். அப்படித்தான் இருக்கச் சொல்லியிருந்தார். "நல்லாப் பாத்துக்க, கை எப்படிப் போகுதுன்னு."

கல்லில் விழுந்தது ஒரு கிழிசல். ஓரம் கருகியது. அதை வட்டிலில் வைத்து அவரிடம் நீட்டினாள்.

அப்பா மென்றார். வெகு நேரம். துப்பினார்.

"இவ பக்கத்துல நின்னா எதுதான் உருப்படும்?" என்றார் என்னைப் பார்த்து. "உன்ற ராசி அப்படி. போ அக்கட்டால."

ரு.வுக்குப் பொறுக்கவில்லை. "மாமா, அது வந்து, நங்கையாதானுங்க..." என்று ஆரம்பித்தாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினேன். சொன்னால் நாளையிலிருந்து தின்ன மாட்டார். அவரை எனக்குத் தெரியும். கால் போனாலும் தின்ன மாட்டார்.

"நங்கையா இருந்ததால கை ஓடலைங்க மாமா" என்று முடித்தாள். அழுதுவிட்டாள். அவர் அதற்கும் என்னைத்தான் முறைத்தார்.

கட்டிலைத் திரும்ப உள்ளே போட்டோம். கதவைச் சாத்தினேன். வேறு மாவு, கொதிநீர், ஈரத்துணி. அவருக்குச் சுட்டுக் கொடுத்தனுப்பினேன். பஞ்சாட்ட என்றது கேட்டது.

கடைசி உருண்டை ஒன்று மிஞ்சியது. அதையும் தேய்த்துப் போட்டேன். நன்றாக உப்பி எழுந்தது. கீரை தீர்ந்திருந்தது. இத்தனை சுட்டும் சரியாக வந்த ஒன்றை நான் தின்றதே இல்லை. நின்றபடியே தின்றேன், வெறுமனே.

நன்றாகத்தான் இருந்தது.