அறுந்துபோக வேண்டிய கயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா சொல்வது எதையும் கூட்டாமல் குறைக்காமல் உண்மையாகப் பதிவு செய்வேன் என்று முதலிலேயே அறிவித்துக்கொள்கிறேன். அம்மாவின் வலது கையில் கட்டுப் போட்டிருப்பதால் அவள் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். அவள் பேச்சை எழுத்து நடைக்கு மாற்றிக்கொள்வேன், வெளி ஆட்களோடு நடந்த பேச்சை மட்டும் அப்படியே விடுவேன். அடைப்புக்குறிக்குள் இருப்பது நான், மற்றதெல்லாம் அம்மா. இடம், பண்ணையின் தீவன அறை. குட்டிகளுக்கு மாலைத் தீவனம் வைத்தாகிவிட்டது. நான் ஒரு மூட்டை மேல், அம்மா கவிழ்த்த வாளி மேல்.

பெரியவளே, இங்கே நானும் உன் தங்கையும் பதினொரு குதிரைக் குட்டிகளும் நலம், என் வலது கை மட்டும் நலமில்லை, அதைப் பிறகு சொல்கிறேன், நீ முழுசாக நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். போனில் நீ நடுவில் பேசுவாய், நீ பேசினால் நான் இளகிவிடுவேன், கடிதம் என்றால் நான் முடிக்கும் வரை நீ வாயைத் திறக்க முடியாது. குளியலறைக் கூரை இன்னும் ஒழுகுகிறது, வாளி வைத்திருக்கிறோம். உன் தங்கை கட்டுரையில் வகுப்பிலேயே முதல், கணக்கில் வாங்கிய மார்க்கை அவளே எழுதட்டும். (நாற்பத்தொன்று.) எதிர்வீட்டுத் தையல்காரம்மா உன்னை விசாரித்தாள். நீ போன தடவை வந்திருந்தபோது அவள் என்னைப் பிடித்துக்கொண்டு, என்னம்மா, கழுதை வயசாச்சு, இன்னும் உங்க பொண்ணு உங்க வாலைப் பிடிச்சுக்கிட்டே சுத்துறாளே என்று கேலி செய்தாள். நான் சிரித்தேன். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமை இந்தப் பண்ணைக்குள் அடங்காது.

உண்மையும் அதுதான், நீ என் வாலைப் பிடித்துக்கொண்டேதான் சுற்றினாய். பதினொரு நாள் விடுப்பு என்றாய். காலையில் எனக்கு முன்னால் எழுந்து செருப்பு மாட்டிக்கொண்டு நிற்பாய். நான் குட்டிகளுக்காகத் தொங்கவிட்ட கேனை, அவை உடம்பைத் தேய்த்துக்கொள்ளக் கம்பத்தில் அறைந்த பழைய துடைப்பத் தலைகளை, வாயில் அடங்காத பெரிய பந்தை எல்லாம் வேலி மேல் உட்கார்ந்து நோட்டில் வரைவாய். ஏன் கேனில் துளை என்று கேட்டாய், தாயிடமிருந்து பிரித்த குட்டிக்குச் சும்மா நின்றால் வேலியைக் கடிக்கவும் அடுத்ததன் வாலை மெல்லவும்தான் தோன்றும், கேனை முட்டி முட்டித் தீவனத்தை ஒவ்வொன்றாக உதிர்த்துத் தின்றால் பொழுதும் போகும் புத்தியும் வளரும் என்றேன். ஏன் நாலு நாளைக்கு ஒரு முறை பொம்மையை மாற்றுகிறீர்கள் என்றாய், உனக்கு ஒரே புத்தகத்தைத் தினம் கொடுத்தால் படிப்பாயா என்றேன். அதையும் எழுதிக்கொண்டாய். என் பெண் என் வேலையைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறாள் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. பிளாஸ்டிக் வாளி செய்யும் கம்பெனி என்றுதான் உன் வேலையைப் பற்றிச் சொல்லியிருந்தாய். பத்தாம் நாள், வெள்ளிக்கிழமை மாலை, அவசரமாகக் கூப்பிடுகிறார்கள் என்று கிளம்பிவிட்டாய்.

போன வாரம் முதலாளி ஒரு பெரிய பெட்டியும் ஒரு கேட்லாக்கும் கொண்டு வந்தார். பெட்டிக்குள் பச்சை நிறத்தில் பளபளவென்று என் கேன். என் துடைப்பக் கம்பம், நல்ல ரப்பர் முள்ளோடு. கேட்லாக்கில் உன் படம், நீ சிரிக்கிறாய், பின்னால் நம் வேலி. குதிரைப் பண்ணைகளில் நீண்ட ஆராய்ச்சிக்குப் பின் உருவாக்கியவர் என்று போட்டிருக்கிறது. முதலாளி படத்தைப் பார்த்து, அட, இது உங்க பொண்ணுதானே, வீட்டுலயே நிபுணரை வச்சுக்கிட்டு நீங்க ஓட்டை கேனைத் தொங்கவிட்டிருக்கீங்களே, உங்ககிட்ட சொல்லவே இல்லையா என்று சிரித்தார். சொன்னா, சொன்னா, எனக்குத்தான் வெளியில சொல்லக் கூச்சம் என்றேன். உனக்காக நான் சொன்ன பொய் அது. நீ எனக்குச் சொல்லாததை நான் உனக்காக மறைத்தேன். பழையதையெல்லாம் குப்பையில் போடச் சொன்னார், போட்டேன்.

(அக்கா, இங்கே நான் சாட்சி சொல்ல வேண்டும். பச்சைக் கேனில் கைப்பிடிக்குப் பக்கத்தில் ஒரு துளை இருக்கிறது. அதிலிருந்து தீவனம் விழவே விழாது. அம்மாவின் கேனிலும் அது இருந்தது, ஏனென்றால் அம்மா அடியில் துளை போடச் சொன்னபோது நான் கதைப் புத்தகத்தில் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு சூடான ஆணியைத் தப்பான இடத்தில் அழுத்திவிட்டேன். முதுகில் ஒன்று வாங்கினேன். கேட்லாக்கில் அதற்கு ஆர்வத்தைத் தூண்டும் காற்றுத் துளை என்று பெயர். என் தப்பைக்கூட நீ விடவில்லை. அதைப் பார்க்கும் வரை, இரண்டு பேருக்கு ஒரே யோசனை வரலாம், புத்தகங்களில் அப்படி நடந்திருக்கிறது என்று அம்மாவிடம் உனக்காக வாதாடிக்கொண்டிருந்தேன்.)

அவள் என்ன எழுதினாளோ தெரியவில்லை, மூக்கை உறிஞ்சுகிறாள். இப்போது கையைப் பற்றிச் சொல்கிறேன். எல்லாவற்றுக்கும் குறுக்கே பேசுகிற அந்தக் கறுப்புக் குட்டி, நீ வக்கீல் என்று பெயர் வைத்தாயே, அது செவ்வாய்க்கிழமை காலையில் உன் பச்சைக் கேனோடு மல்லுக்கு நின்று, முன்னங்காலைத் தூக்கிக் கயிற்று வளையத்துக்குள் விட்டுவிட்டது. உன் பெட்டியில் வந்தது கட்டைவிரல் கனத்தில் நைலான் கயிறு. குட்டி இழுக்க இழுக்க வளையம் இறுகியது, கயிறு காலை அறுக்க ஆரம்பித்தது. நான் ஓடிப்போய்க் காலுக்கும் கயிற்றுக்கும் நடுவில் என் கையைக் கொடுத்தேன். நல்ல வேளை, லாடக்காரர் பக்கத்துக் கொட்டிலில் குளம்பு செதுக்கிக்கொண்டிருந்தார். கையை எடுங்க, ஐயோ கையை எடுங்க என்று கத்திக்கொண்டே வந்து குளம்புக் கத்தியால் அறுத்தார். எடுத்தால் அதன் கால் போய்விடும் என்று நான் எடுக்கவில்லை. மணிக்கட்டில் விரிசல், இரண்டு விரலில் தையல். வக்கீலுக்கு வீக்கம் மட்டும்தான், நேற்று மறுபடியும் வாதாட வந்துவிட்டது.

என் கேன் எதில் தொங்கியது என்று யோசித்துப் பார். உன் நோட்டில் இருக்காது. புல்கட்டைச் சுற்றி வருகிற சணல், அதிலும் பிரித்தெடுத்த ஒற்றை இழை. குட்டி விளையாட்டாக முட்டினால் தாங்கும், பயந்து இழுத்தால் பட்டென்று அறுந்து கேன் கீழே விழும், குட்டி ஓடிவிடும். முட்டி முட்டி நைந்துபோகும் என்பதால் சனிக்கிழமைதோறும் புது இழை கட்டுவேன். கேன் தொங்கிய நாளெல்லாம் அது உன் கண் முன்னால்தான் இருந்தது, ஏதோ ஏழைக் கயிறு என்று நினைத்திருப்பாய், நல்ல கயிறாக மாற்றிவிட்டாய். முதல் சனிக்கிழமை நான் கட்டியபோது நீ பந்தை வரைந்துகொண்டிருந்தாய், அடுத்த சனிக்கிழமை உன்னையே கட்டச் சொல்லலாம் என்றுதான் சொல்லாமல் வைத்திருந்தேன். நீ வெள்ளிக்கிழமையே போய்விட்டாய்.

கேனை எடுத்ததற்காக எனக்கு வலிக்கவில்லை. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அதைக் கழுவித் துடைத்துப் பேருந்து வரைக்கும் நானே தலையில் சுமந்து வந்திருப்பேன். என்னோடு இருக்கத்தான் வந்தாய் என்று நினைத்துக்கொண்டு பத்து நாள் ஒரு முட்டாளைப் போல் சந்தோஷமாக இருந்தேனே, அதுதான். (அம்மா இந்த வரியை அடிக்கச் சொன்னாள். அடிக்கவில்லை.)

சரி, இது புத்திமதி இல்லை, உத்தரவு. உன் பெட்டி இதுவரை எத்தனை பண்ணைக்குப் போயிருக்கிறதோ எனக்குத் தெரியாது, அங்கெல்லாம் லாடக்காரர் கத்தியோடு தயாராக நிற்க மாட்டார். வாங்கினவர்களுக்கெல்லாம் நாளைக்கே சொல், அந்தக் கயிற்றைக் கழற்றச் சொல், மெல்லிய சணலால் கட்டச் சொல். கேட்லாக்கில் அதையும் உன் பெயரிலேயே போட்டுக்கொள், எனக்கு வேண்டாம். முதலாளியிடம் உன்னைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, கயிறு சரியில்லை என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.

ஈரத் தலையோடு வெளியே போகாதே. வேளைக்குச் சாப்பிடு. நீ எங்கே இருந்தாலும் கை கால் சுகத்தோடு நீண்ட நாள் நன்றாக இரு. கயிற்றை மறக்காதே. அடுத்த முறை வருவதானால் நோட்டு இல்லாமல் வா, சனிக்கிழமை இருப்பதானால் மட்டும் வா.

இப்படிக்கு,
இடது கையால் உன் அம்மா

(கோணல்மாணலாக இருக்கும் அந்தக் கையெழுத்து அம்மா போட்டது. ஒரு முழம் சணலைப் பல்லால் பிரித்து ஒற்றை இழையாக்கி உறைக்குள் வைத்திருக்கிறாள், ஒரு கையால் முடிச்சுப் போட வராததால் முடிச்சை நான் போட்டேன், எங்கே இழுத்தால் அறும் என்று அவள் விரலால் காட்டினாள். கடைசியில், அம்மாவுக்குக் கோபம் எதுவும் இல்லை என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னாள். உண்மையை மட்டுமே எழுதுவதாக முதலில் அறிவித்துவிட்டதால் முடியாது என்றேன். இந்தக் கடைசி வரிகளை வாசல் வெளிச்சத்தில் எழுதுகிறேன், ஏனென்றால் அவள் எழுந்துபோய் விளக்கை அணைத்துவிட்டாள்.)